விளக்கு மட்டும் போதுமா?



நமது பக்கத்து ஊர்களில் எந்தப் பொதுக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் ஒரு காட்சி கண்ணில் படும். குழல் விளக்கின் மேல் ‘உபயம்’ என்று சிவப்பு மையில் எழுதி, அதன் கீழ் கொடுத்தவர் பெயர், தகப்பனார் பெயர், கடையின் பெயர் என்று வரிசையாக இருக்கும். எழுத்து கூடக் கூட வெளிச்சம் குறையும். இதைச் சொல்லிப் பிறர் சிரிக்கும்போது நாமும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். ஆனால் அந்தப் பெயர்களில் பாதி வணிகர்களின் பெயர்கள். ஒரு விளக்கில் நமது பெயரும் இருந்தது. ஆகவே இதைப் பிறருக்குச் சொல்லும் உபதேசமாக எழுதவில்லை. நஷ்டப்பட்ட வியாபாரி தன் சிட்டையைப் பிரித்துக் காட்டுவது போல எழுதுகிறோம்.

பொதுக் கட்டடங்களுக்குச் சூரிய மின்சாரம் என்பது இன்று பலரும் பேசும் விஷயம். பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், நூலகம், தண்ணீர்த் தொட்டி, கோயில் என்று எல்லாவற்றின் மேலும் பலகை போட வேண்டும் என்று இளைஞர்கள் நன்கொடைச் சீட்டோடு கடைக்கு வருகிறார்கள். நல்ல காரியம். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் எப்படிக் கொடுப்பது என்பதில் நாம் இதுவரை செய்தது தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

புயல் நாட்களில் கண்டது

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் மட்டும் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. திண்டிவனம், மரக்காணம், வானூர் வட்டாரங்கள் தண்ணீரில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன் 2011 டிசம்பர் 30இல் வந்த தானே புயலையும் நாம் பார்த்தவர்கள்.

ஃபெஞ்சல் கடந்த மூன்றாம் நாள், பெருமுக்கல் பக்கத்துக் கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நமது வாடிக்கையாளர் ஒருவர் தட்டுத்தடுமாறி நமது கடைக்கு வந்து சேர்ந்தார். வழக்கமாக அரிசி, பருப்பு என்று பட்டியல் நீட்டுபவர், அன்று கேட்டது மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் மட்டுமே. “ஐயா, பணத்தைக் கையில வச்சிக்கிட்டு ஜனங்க கடை வாசல்ல நிக்கிறாங்க. குடுக்கச் சரக்கு இல்ல. மோட்டார் ஓடி மூணு நாளாச்சு, தொட்டி காலி. புள்ளத்தாச்சிப் பொண்ணு ஒண்ண ஆஸ்பத்திரிக்கு அனுப்ப போன் பண்ணணும்னா, டிராக்டர் பேட்டரியில சார்ஜ் ஏத்த வேண்டியதாயிருக்கு” என்றார். இருந்த பெட்டிகளை எல்லாம் கொள்முதல் விலைக்கே கொடுத்து அனுப்பினோம். மின்வாரிய ஊழியர்கள் இரவு பகலாக இடுப்பளவு தண்ணீரில் நின்று வேலை பார்த்ததையும் சொல்லத்தான் வேண்டும். சாய்ந்த கம்பங்களை ஒரே நாளில் நிமிர்த்த யாராலும் முடியாது.

அன்று நமக்கு வந்த வெட்கம் வேறு. நமது கிடங்கின் மேல் 2022ஆம் ஆண்டு 5 கிலோவாட் சூரியப் பலகை போட்டிருந்தோம். புயலுக்குப் பிறகு வானம் வெளுத்து வெயில் அடித்தபோது, அந்தப் பலகையிலிருந்து மின்சாரம் வரும் என்று நினைத்தோம். ஒரு விளக்குகூட எரியவில்லை. பழுதோ என்று ஆள் விட்டுக் கேட்டதில் விஷயம் புரிந்தது. மின்வாரியக் கம்பியோடு இணைத்த, பாட்டரி இல்லாத அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்கு நமது பலகையே எமனாகிவிடும். நியாயமான ஏற்பாடு. ஆனால் வாங்கும்போது நாம் இதைக் கேட்கவில்லை. விற்றவரும் வாய் திறந்து சொல்லவில்லை. பில்லைக் குறைக்கும் பலகை வேறு, இருட்டில் கைகொடுக்கும் பலகை வேறு என்பதை வாசகர்கள் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மிளகாய் காய்ந்த பலகை

இன்னொரு கணக்கையும் காட்டிவிடுகிறோம். 2012ஆம் ஆண்டு தமிழ்நாடு முழுவதும் மின்வெட்டில் தவித்தது. சிற்றூர்களில் ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத காலம் அது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே பல கடைகளின் லாபம் கரைந்தது. அந்தச் சூட்டில் நாமும் நண்பர்கள் நால்வரும் சேர்ந்து ஒரு கிராமத்துப் பள்ளிக்குச் சூரியப் பலகையும் பாட்டரியும் விளக்குகளும் வாங்கிக் கொடுத்தோம். விழா நடந்தது. மாலை, பொன்னாடை, கல்வெட்டு எல்லாம் உண்டு. நமது தகப்பனார் பெயரைக் கல்லில் பார்த்தபோது கண் கலங்கியதை மறைக்கவில்லை.

நான்கு ஆண்டு கழித்து வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனோம். பாட்டரி செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. புதியது வாங்கப் பள்ளியில் பணம் இல்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. தாழ்வான மாடியில் இருந்த பலகையின் மேல் யாரோ மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். சூரிய சக்தி ஒரு வகையில் பயன்பட்டுக்கொண்டுதான் இருந்தது! கல்வெட்டில் மட்டும் நமது பெயர் பளிச்சென்று இருந்தது.

குற்றம் பள்ளியினுடையது அன்று. லாரி வாங்குகிறவர் டயருக்குப் பணம் ஒதுக்காமல் இருப்பாரா? தராசு வாங்கினால் ஆண்டுதோறும் முத்திரைக்குச் செலவு உண்டு என்று நமக்குத் தெரியாதா? கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் தேய்மானம் எழுதும் நாம், தர்மக் கணக்கில் மட்டும் தேய்மானம் எழுத மறந்தோம்.

நம்மைவிடப் பெரிய ஆட்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. பீகார் மாநிலம் தர்ணை என்ற கிராமத்தில் 2014ஆம் ஆண்டு 100 கிலோவாட் சூரிய மின் அமைப்பு நிறுவப்பட்டது. வீடுகள், தெருவிளக்கு, பள்ளி எல்லாவற்றுக்கும் அதிலிருந்தே மின்சாரம். நாடே பாராட்டியது. சில ஆண்டுகளில் பாட்டரிகள் தீர்ந்தன. அதற்குள் அரசு மின்சாரம் குறைந்த விலைக்கு ஊருக்குள் வந்துவிட்டது. சூரிய மின்சாரத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க யாரும் முன்வரவில்லை. கடைசியில் அந்த வளாகத்தில் மாடு கட்டினார்கள் என்று செய்தி வந்தது.

கணக்குப் பார்த்துச் செய்த ஊர்

இதைப் படித்து மனம் தளர வேண்டாம். கணக்குப் பார்த்துச் செய்து வென்ற ஊரும் நமது மாநிலத்திலேயே இருக்கிறது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். 1996 முதல் 2006 வரை அங்கே தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஆகும் மின்கட்டணம் ஊராட்சியின் வருமானத்தைத் தின்றுகொண்டிருந்தது. முதலில் மரக்கழிவை எரித்து மின்சாரம் எடுக்கும் 9 கிலோவாட் இயந்திரத்தை வைத்துத் தண்ணீர் இறைத்துப் பார்த்தார்கள். பிறகு 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே வாங்கியது. விலை சுமார் 1 கோடியே 55 லட்சம் ரூபாய். அதில் பெரும்பகுதி வங்கிக் கடன். மீதி ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. தங்கள் ஊரில் காற்றுப் போதாது என்பதால் உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் ஆலையை நிறுவினார்கள். ஊராட்சியின் தேவைக்குப் போக மிச்சமான மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். அந்த வருமானத்தில் கடன் அடைந்தது.

இதில் வியாபாரி கவனிக்க வேண்டியது என்ன? அங்கே உபயம் எழுதிய விளக்கு இல்லை. முதல், வட்டி, வரவு, தவணை எல்லாம் பேரேட்டில் ஏறின. சிறிதாகத் தொடங்கிப் பார்த்துப் பிறகு பெரிதாகப் போனார்கள். காற்று எங்கே இருக்கிறதோ அங்கே ஆலையை வைத்தார்கள். ஊர்ப் பெருமைக்காக ஊருக்குள் நடவில்லை.

நமது மாவட்டத்திலேயே வானூர் வட்டத்தில் ஆரோவில்லின் சூரியச் சமையற்கூடம் இருக்கிறது. 1997 முதல் நடக்கிறது. மாடியில் 15 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கிண்ணம். அதில் விழும் வெயிலில் நீராவி எடுத்து, நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சோறு சமைக்க ஏற்பாடு செய்தார்கள். அவர்களும் மேகமூட்டமான நாளுக்கென்று டீசலில் ஓடும் கொதிகலனைச் சேர்த்தே வைத்தார்கள். சூரியனை நம்பியவர்கள் மழைக்காலத்தையும் மறக்கவில்லை.

நமக்கும் வெயில் புதிதா? மரக்காணம் உப்பளத்தில் வெயில்தான் முதல். களத்தில் மல்லாட்டையும் நெல்லும் காய்வது வெயிலில்தான். வெயிலை மூட்டையாகக் கட்டி விற்றுத்தான் நமது முன்னோர் பிழைத்தார்கள்.

ஆடும் சேர்த்துக் கொடுத்தவர்கள்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பெருமுக்கல் மலை தெரியும். மேலே பழமையான சிவன் கோயில். சுற்றிலும் கல் உடைக்கும் சத்தம். அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வரும்.

சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்கு வைத்த கல்வெட்டுகள் ஏராளம். அணையாமல் எரிய வேண்டிய விளக்கு அது. அந்தக் காலத்து மனிதர் விளக்கு மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடு, சில இடங்களில் 90 ஆடு கொடுத்தார்கள். ஆடுகளை இடையர் பொறுப்பில் விட்டு, நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். கிழடானாலும் செத்தாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பது பொருள். விளக்கு, எண்ணெய்க்கு வழி, பொறுப்பாளர், தேய்மானம் நான்கும் ஒரே கல்லில் அடங்கிவிட்டன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் கணக்கு, நாம் 2012இல் போட்ட கணக்கைவிடச் சுத்தமானது.

வணிகர்களுக்கும் இதற்கு ஈடான மரபு உண்டு. அதன் பெயர் மகமை. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரத்திலேயே பிடித்து, பொதுக் காரியத்துக்கு ஒதுக்கும் பழக்கம். தென்மாவட்ட வணிகர்கள் மகமையைக் கொண்டு பள்ளிகளையே நடத்தினார்கள். காமராசர் படித்த விருதுநகர் பள்ளி, வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியாலும் வளர்ந்தது. அவை ஒரு நாள் நன்கொடையால் நடந்தவை அல்ல. தினசரி விழுந்த சிறு காசில் நடந்தவை.

நமது யோசனை

ஆகவே பெருமுக்கல் போன்ற ஓர் ஊரில், அந்த ஊர்க் கடைக்காரர்களும் அவர்களுக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரிகளும் சேர்ந்து முதலில் ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நமது தாழ்மையான கருத்து. பத்துக் கட்டடத்தில் ஆளுக்கொரு பலகை வேண்டாம். புயல் இரவில் ஊர் முழுவதும் எதை நாடி ஓடுமோ அதையே எடுக்க வேண்டும். சுகாதார நிலையம் இருந்தால் அது. இல்லாவிட்டால் மக்களைத் தங்கவைக்கும் பள்ளிக் கட்டடம்.

செலவுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோவாட் பலகைக்கு ஏறத்தாழ 100 சதுர அடி மாடி வேண்டும். நமது வெயிலுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் கிடைக்கும். 3 கிலோவாட் போட்டால் 12 யூனிட். இரவுக்கு எவ்வளவு பாட்டரி? ஐந்து விளக்கு, விளக்குக்கு 10 வாட், 12 மணி நேரம் எரிந்தால் 0.6 யூனிட். நான்கு பழைய மின்விசிறி, ஒவ்வொன்றும் 70 வாட் என்றால் 12 மணி நேரத்துக்கு 3.4 யூனிட் தின்றுவிடும். அதே விசிறியை 30 வாட்டில் ஓடும் புதிய வகையாக மாற்றினால் 1.4 யூனிட் போதும். நான்கு விசிறியை மாற்றியதில் ஓர் இரவுக்கு 2 யூனிட் பாட்டரி மிச்சம். பாட்டரிதான் இந்த அமைப்பில் விலை கூடிய, சீக்கிரம் தேயும் சரக்கு. எனவே முதல் ரூபாயை விசிறிக்குச் செலவழித்துவிட்டு, பிறகு பலகைக்குப் போவதே புத்திசாலித்தனம்.

ஈய அமில பாட்டரி நான்கைந்து ஆண்டு உழைக்கும். லித்தியம் வகை விலை கூடுதல், ஆனால் ஏறத்தாழ இரண்டு மடங்கு காலம் வரும். பலகைக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்பார்கள். மின்மாற்றிப் பெட்டிக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. இவை ஒவ்வொன்றையும் விலைப் புள்ளியில் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். குறைந்தது மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும். மின்சாரம் நின்றாலும் இது ஓடுமா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். கடலோரக் காற்றில் துருப்பிடிக்காத தாங்கிகள் வேண்டும். தானே, ஃபெஞ்சல் போன்ற காற்றுக்குப் பெயராதபடி அவற்றைப் பிணைக்க வேண்டும். ஒரு வேப்பங்கிளையின் நிழல் ஒரு பலகையில் விழுந்தாலும் அதோடு தொடுத்த மற்றவற்றின் உற்பத்தியும் குறையும். பெருமுக்கல் பக்கம் கல்தூசு அதிகம்; அடிக்கடி, அதிகாலையில், மெல்லிய துணியால் துடைக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

இனி ஆடு எங்கே என்று பார்ப்போம். நூறு கடைகள், கடைக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ரூபாய். ஆண்டுக்கு 36,500 ரூபாய். ஐந்து ஆண்டில் 1,82,500 ரூபாய். ஒரு கட்டடத்தின் பாட்டரியை மாற்றவும், பழுது பார்க்கவும், துடைக்கும் ஆளுக்குக் கூலி கொடுக்கவும் இது தாங்கும். அந்தத் தொகை தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை வரவு செலவை அந்தக் கட்டடத்தின் சுவரிலேயே ஒட்ட வேண்டும். பெயர்க் கல் வைத்தே ஆக வேண்டும் என்றால், பத்தாவது ஆண்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

எதிர்க் கேள்விகள்

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நாம் அறியாமல் இல்லை. “இது அரசாங்க வேலை, நாம் ஏன் செய்ய வேண்டும்?” என்பது முதல் கேள்வி. நியாயமானதே. அரசும் செய்கிறது. 2024இல் மத்திய அரசு அறிவித்த வீட்டுச் சூரிய மின் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் அந்த மானியம் வீடுகளுக்கு உரியது. கடைக்கோ சுகாதார நிலையத்துக்கோ வராது. சத்தீஸ்கர் மாநிலம் நூற்றுக்கணக்கான சுகாதார நிலையங்களில் சூரிய மின்சாரம் அமைத்தது. நமது அரசிடமும் கேட்போம். கேட்டுக்கொண்டே இருப்பதற்கு இடையில் அடுத்த கார்த்திகை வந்துவிடும். புயல் மனுவைப் படித்துவிட்டு வருவதில்லை.

“ஏற்கெனவே வணிகக் கட்டணம் கட்டியே முதுகு ஒடிகிறது” என்பது இரண்டாவது. 2022 செப்டம்பரில் ஏறிய கட்டணமும் அதன் பின் வந்த உயர்வுகளும் நமக்கும் வலிக்கிறது. அந்தப் போராட்டத்தை விட வேண்டாம். ஆனால் மகமை மின்கட்டணம் அல்ல. ஊர் இருந்தால்தான் கடை. மூன்று நாள் தண்ணீரும் வெளிச்சமும் இல்லாத ஊரில் நான்காம் நாள் யார் கடன் பாக்கியைத் தீர்ப்பார்கள்?

“மிச்சமாகும் மின்கட்டணம் யாருக்குப் போகும்?” என்பது மூன்றாவது; இதுவே கடினமான கேள்வி. அரசுத் துறைக் கட்டடமென்றால் மிச்சம் துறைக்குத்தான் போகும். ஊராட்சிக் கட்டடமென்றால் ஊராட்சிக்குப் போகும். அதைத் திரும்பப் பராமரிப்புக்கே ஒதுக்கச் சொல்லலாம். இதற்குக் கிராமசபைத் தீர்மானம் வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது. அன்று கடையை ஒரு மணி நேரம் மூடிவிட்டுப் போய் உட்காருவோம். தீர்மானத்தையும் துறையின் எழுத்து மூல அனுமதியையும் கையில் வாங்கிய பிறகே பணத்தை எடுப்போம். வாய்ச்சொல்லை நம்பிச் சரக்கை இறக்கினால் என்ன ஆகும் என்று வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

முடிவாக ஒன்று. அந்தப் பள்ளியின் செத்த பாட்டரிக்குப் பதிலாக, நாமும் மீதமுள்ள நண்பர்களும் சேர்ந்து புதியது வாங்கித் தருவதென்று முடிவு செய்திருக்கிறோம். நால்வரில் இருவர் இன்று இல்லை. அவர்கள் பங்கை அவர்களுடைய பிள்ளைகள் ஏற்றிருக்கிறார்கள். இந்த முறை விழா இல்லை. நமது கல்லாவின் பக்கத்தில் ஒரு தகர உண்டியல் வைத்திருக்கிறோம். கடை மூடும்போது அன்றைய ரூபாய் அதில் விழுகிறது. அதன் மேல் யார் பெயரும் எழுதவில்லை. இதைப் படிக்கும் உறுப்பினர்கள் தங்கள் கடையிலும் ஒன்று வைத்தால், அடுத்த பொதுக்குழுவில் எண்ணிப் பார்க்கலாம்.

விளக்கைக் கொடுத்தது போதும். ஆடுகளை ஓட்டி வருவோம்.